தொட்டிலின் அருகே நிற்பவர் யார்? தத்து நிறுவனங்களில் ஊழியர்களும் தகுதியும்

(பெங்களூருவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2020 மே மாத இறுதியில், பெருந்தொற்று ஊரடங்கின் நடுவே, பெங்களூரு சாமராஜ்பேட்டையிலுள்ள மாநகராட்சி மருத்துவமனையிலிருந்து பிறந்த குழந்தை ஒன்று திருடப்பட்டது. ஓராண்டுக்குப் பிறகே காவல்துறை அக்குழந்தையைக் கண்டுபிடித்தது. வாடகைத் தாய் மூலம் பிறந்த குழந்தை என்று நம்பவைத்து, பல லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு, அதனை ஒரு தம்பதியிடம் கொடுத்தவர் படித்துப் பட்டம் பெற்ற மனநல மருத்துவர். 2023 நவம்பரில் இதே நகரின் மத்தியக் குற்றப்பிரிவு மற்றொரு கும்பலைப் பிடித்தது. பிறந்து இருபது நாட்களே ஆன குழந்தையுடன் ராஜராஜேஸ்வரி நகரில் பிடிபட்ட அக்கும்பல், தமிழ்நாட்டு ஏழைத் தாய்மாரிடமிருந்து குழந்தைகளை வாங்கி, கர்நாடகத்தில் குழந்தையற்றோருக்கு விற்றுவந்ததாக விசாரணையில் வெளிப்பட்டது.

இவ்விரண்டு வழக்குகளிலும் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற தத்து நிறுவனம் எதுவும் இல்லை. ஆயினும் தத்து நிறுவனங்களைப் பற்றிய விவாதத்தை இவற்றிலிருந்தே தொடங்குவது பொருத்தம். நேர்வழி குறுகி நீண்டுகிடக்கும் இடத்தில்தான் தரகன் கடை விரிக்கிறான். பதிவு செய்து காத்திருக்கும் பெற்றோர் நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். சட்டப்படி தத்துக்கு உரியவர் என அறிவிக்கப்பட்டுள்ள குழந்தைகளோ சில ஆயிரம் பேரே. இவ்விரு தரப்பினருக்கும் இடையில் நிற்க வேண்டியவர்கள் யார், எத்தனை பேர், என்ன கற்றவர்கள், என்ன ஊதியம் பெறுகிறார்கள் என்ற கேள்விகளே இவ்வுரையின் பொருள்.

1984 தீர்ப்பு சொன்னது

இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டினருக்குத் தத்துக் கொடுப்பதில் நடந்துவந்த முறைகேடுகளைச் சுட்டிக்காட்டி, 1982-இல் வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே பொதுநல மனுவாக ஏற்றது. 1984 பிப்ரவரி 6 அன்று நீதிபதி பி.என்.பகவதி எழுதிய தீர்ப்பு, அதுவரை சட்டமே இல்லாதிருந்த ஒரு துறைக்கு நெறிமுறைகளை வகுத்தது.

அத்தீர்ப்பின் மூன்று கூறுகள் இன்றும் கவனத்துக்குரியவை. முதலாவது, ஒரு நிறுவனத்துக்கு அங்கீகாரம் வழங்குமுன், தொழில்முறைச் சமூகப்பணியில் அனுபவமுள்ள போதிய ஊழியர்கள் அங்கே இருக்கிறார்களா என்பதை அரசு பார்க்க வேண்டும். இரண்டாவது, குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட அமைப்புக்கு அங்கீகாரம் கூடாது. குழந்தைப் பராமரிப்பிலும் நலப்பணியிலும் ஈடுபட்டிருக்கும் நிறுவனமாகவே அது இருக்க வேண்டும். மூன்றாவது, நீதிமன்றத்துக்காக ஆவணங்களைப் பரிசீலிக்கும் அமைப்பு, தத்துக் கொடுக்கும் வேலையில் எவ்வகையிலும் தொடர்பற்றதாக இருக்க வேண்டும்.

ஊழியரின் தகுதி, நிறுவனத்தின் நோக்கம், மேற்பார்வையின் சுதந்திரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அடுப்புக் கற்கள். ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். 1993 ஹேக் உடன்படிக்கையும் இதையே உலக அளவில் வலியுறுத்துகிறது. நாடுகளுக்கிடையிலான தத்தில் ஈடுபடும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு இலாப நோக்கற்றதாக இருக்க வேண்டும். அறநெறியாலும் பயிற்சி அல்லது அனுபவத்தாலும் தகுதி பெற்றவர்களே அதனை நடத்த வேண்டும். அரசின் கண்காணிப்புக்கு அது உட்பட்டிருக்க வேண்டும் என்கிறது அதன் 11-ஆவது பிரிவு. இந்தியா 2003-இல் அதனை ஏற்றது.

நெறிகள் மீறப்பட்டபோது

நெறிகள் எழுதப்பட்ட பிறகும் குற்றங்கள் நின்றுவிடவில்லை. 1999, 2001 ஆகிய ஆண்டுகளில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில், வறுமையில் வாடிய லம்பாடிக் குடும்பங்களிடமிருந்து பெண் சிசுக்கள் வாங்கப்பட்டுத் தத்து நிறுவனங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது அம்பலமானது. சென்னையில் 2005-இல் காவல்துறையிடம் பிடிபட்ட கடத்தல்காரர்கள், ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளைத் தூக்கிச் சென்று மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் விற்றதாக வாக்குமூலம் அளித்தனர். அக்குழந்தைகளில் சிலர் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வேறு பெயர்களில் வளர்ந்துகொண்டிருந்தனர். தெருவோரத்திலும் குடிசைப் பகுதியிலும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் ஆண்டுக்கணக்கில் காவல்நிலையப் படியேறி இறங்கியிருந்தனர்.

இலங்கையின் அனுபவமும் இதற்கு வேறுபட்டதன்று. 1980-களில் அங்கிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளுக்காக, தாய்மாரை வைத்து நடத்தப்பட்ட ‘குழந்தைப் பண்ணைகள்’ இருந்ததை 2017-இல் இலங்கையின் சுகாதார அமைச்சரே ஒப்புக்கொண்டார். நெதர்லாந்து அரசு அமைத்த விசாரணைக் குழு, இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்துகளை ஆராய்ந்து 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. அதையடுத்து அந்நாடு வெளிநாட்டுத் தத்துகளை நிறுத்திவைத்தது.

இத்தனை நிகழ்வுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்படுவது ஒன்று. குழந்தை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. சில இடங்களில் அந்தக் கேள்வியைக் கேட்கும் பயிற்சி பெற்ற ஊழியரே இல்லை. வேறு சில இடங்களில் ஊழியர் இருந்தும், கேட்டால் வேலை போய்விடும் என்ற நிலை.

சட்டத்தில் உள்ளவை

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 1990-இல் தொடங்கப்பட்ட மத்திய தத்துவள ஆணையத்துக்குச் சட்ட அந்தஸ்து வழங்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது ஒரு சிறப்புத் தத்து நிறுவனத்தை மாநில அரசு அங்கீகரிக்க வேண்டும் என்பது அதன் 65-ஆவது பிரிவின் நோக்கம். எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில் இவ்விஷயம் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தபோது, நாட்டின் 760 மாவட்டங்களில் 390-இல் மட்டுமே அத்தகைய நிறுவனங்கள் இயங்கிவந்தன. 2024 ஜனவரி இறுதிக்குள் எல்லா மாவட்டங்களிலும் அவற்றை அமைக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் புதிய நிறுவனங்கள் பல தொடங்கப்பட்டன. 2024-25-இல் 4,515 குழந்தைகள் தத்தெடுக்கப்பட்டதாகவும், அவர்களில் 4,155 பேர் உள்நாட்டுக் குடும்பங்களுக்குச் சென்றதாகவும் ஒன்றிய அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்க உயர்வே இது. ஆனால் எண்ணிக்கையைக் கூட்டும் அவசரத்தில் பணியின் தரம் எப்படி இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

சமூகப் பணியாளர் செய்ய வேண்டியவற்றைப் பாருங்கள். குழந்தையை ஒப்படைக்க வரும் தாயுடன் பேசி, அவர் நிர்ப்பந்தத்தால் வந்திருக்கிறாரா என்று அறிய வேண்டும். ஒப்படைத்த பிறகும் மனம் மாறுவதற்கு அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். கைவிடப்பட்ட குழந்தையாயின் பெற்றோரைத் தேடும் முயற்சியின் விவரத்தைக் குழந்தைகள் நலக்குழுவின் முன் வைக்க வேண்டும். தத்தெடுக்க விரும்புவோரின் வீட்டுக்குச் சென்று குடும்ப ஆய்வறிக்கை எழுத வேண்டும். அவ்வறிக்கை மூன்றாண்டு செல்லும். அதனை நம்பியே ஒரு குழந்தையின் வாழ்க்கை முடிவாகிறது. தத்துக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என இரண்டாண்டுகள் அக்குழந்தையைச் சென்று பார்த்து அறிக்கை தர வேண்டும். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளைப் புதிய குடும்பத்துக்கு மனத்தளவில் ஆயத்தப்படுத்த வேண்டும். இந்தக் கடைசி வேலை சரியாக நடக்காத இடங்களில், தத்தெடுத்தவர்களே குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒருமுறை கைவிடப்பட்ட குழந்தை இரண்டாம் முறையும் கைவிடப்படுகிறது.

இப்பணிக்குச் சமூகப்பணி, சமூகவியல், குழந்தை வளர்ச்சி, உளவியல் போன்ற துறைகளில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இங்கிலாந்தின் 2005 விதிமுறைகளோ பட்டத்துடன் நிற்கவில்லை. தத்து அறிக்கை எழுதும் சமூகப் பணியாளருக்குத் தகுதி பெற்றபின் குழந்தைகள் நலப்பணியில் மூன்றாண்டு அனுபவமும், அதில் தத்துப் பணியில் நேரடி அனுபவமும் வேண்டும். இல்லையேல் அத்தகைய அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் எழுத வேண்டும் என்கின்றன. படிப்பை முடித்த மறுமாதமே ஒப்பந்தத்தில் சேரும் இளைஞரிடம் தனியே இப்பொறுப்பை ஒப்படைப்பது அவருக்கும் அநீதி, குழந்தைக்கும் அநீதி.

பத்துக் குழந்தைகள், ஆறு ஆயாக்கள்

ஒன்றிய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டம் 2009-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் இன்றைய வடிவம். பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் செலவை ஏற்கின்றன. பத்துக் குழந்தைகள் கொண்ட ஒரு தத்து நிறுவனத்துக்கு இத்திட்டம் வகுத்துள்ள ஊழியர் அமைப்பு இது: மேலாளர் ஒருவர், சமூகப் பணியாளராகவும் மழலைக் கல்வியாளராகவும் இரட்டைப் பொறுப்பு வகிப்பவர் ஒருவர், செவிலியர் ஒருவர், பகுதிநேர மருத்துவர் ஒருவர், ஆயாக்கள் ஆறு பேர், காவலாளி ஒருவர்.

தாளில் பார்த்தால் தாராளமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் உண்மை தெரியும். தொட்டில் குழந்தைக்கு இரவு பகல் கிடையாது. நாளொன்றுக்கு எட்டு மணி நேர முறைப்பணிகள் மூன்று; முறைக்கு இரு ஆயாக்கள் என்றால் வாரத்துக்கு 42 பணிகள். ஆறு ஆயாக்கள், வாரம் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு செய்யக்கூடியவை 36. ஆக, வாரத்தில் ஆறு முறைப்பணிகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரே ஆயா. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், ஒருவர் ஊருக்குப் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். இல்லையெனில் வார விடுப்பே இல்லாமல் அவர்கள் உழைக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரப் பணி என்பதே இதற்குத் தீர்வாகக் காணப்படும்.

பச்சிளங்குழந்தைக்கு இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒருமுறை பால் தர வேண்டும். குறைந்தது நாளுக்கு எட்டு முறை. பத்தில் ஐந்து குழந்தைகள் பச்சிளம் பருவத்தினர் என்று கொண்டாலும் நாளுக்கு நாற்பது முறை, ஒரு முறைப்பணியில் பதின்மூன்று முறை. புட்டியைக் கழுவி, கொதிநீரில் இட்டு, பாலாடையாலோ புட்டியாலோ ஊட்டி, தோளில் போட்டுத் தட்டி, துணி மாற்றிப் படுக்கவைக்க அரைமணி நேரம் ஆகும். பதின்மூன்று முறைக்கு ஆறரை மணி நேரம். மீதமுள்ள ஐந்து குழந்தைகள் தவழ்பவர்கள், நடை பழகுபவர்கள். அவர்களைக் குளிப்பாட்டவும் சோறூட்டவும் அழும்போது தூக்கவும், தனியாக இருக்கும் ஆயாவுக்கு எஞ்சுவது ஒன்றரை மணி நேரம். அழுதால் தூக்குவதற்கு ஒருவர் வருவார் என்ற நம்பிக்கையிலேயே குழந்தையின் மனம் வேர்விடுகிறது. யாரும் வராத தொட்டிலில் கிடக்கும் குழந்தை நாளடைவில் அழுவதையே நிறுத்திவிடும். அதைப் ‘சமர்த்துப் பிள்ளை’ என்று எண்ணுவோர், அது கைவிடப்பட்டதன் அறிகுறி என்பதை அறியாதவர்கள்.

ஒரே செவிலியர் என்றால் வாரத்தின் 21 முறைகளில் ஆறு முறை மட்டுமே செவிலியர் இருப்பார். எடை குறைந்து பிறந்த, தொப்புள்கொடி காயாத நிலையில் குப்பைத் தொட்டியிலிருந்தோ பேருந்து நிலையத்திலிருந்தோ மீட்கப்பட்ட சிசுக்களை ஏற்கும் இடத்துக்கு இது போதுமா?

இனி ஊதியம். திட்டத்தின் ஊதிய அட்டவணையில் ஆயாவுக்கு மாதம் ரூ.7,944. 26 நாள் எனக் கணக்கிட்டால் நாளுக்கு ரூ.305. செவிலியருக்கு ரூ.11,916. சமூகப் பணியாளருக்கு ரூ.18,536. மத்தியத் தொழிற்சங்கங்கள் கோரும் குறைந்தபட்ச ஊதியம் மாதம் ரூ.26,000. முதுகலைப் பட்டத்துடன் ஒரு குழந்தையின் எதிர்காலத்துக்குக் கையெழுத்திடும் பணியாளர்கூட அத்தொகையை எட்டவில்லை. இப்பணிகள் யாவும் ஒப்பந்த அடிப்படையிலானவை; ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை. நிதி வரத் தாமதமானால் ஊதியமும் தாமதமாகும். அதனால் ஊழியர் நிலைப்பதில்லை. ஊழியர் மாறும்போதெல்லாம், பழகிய முகத்தைக் குழந்தை மீண்டும் ஒருமுறை இழக்கிறது.

பட்டம் மட்டும் போதுமா?

தகுதி விதிகளைக் கடுமையாக்கினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் வாதிடுகின்றனர். சாமராஜ்பேட்டை வழக்கு அதற்குப் பதில் சொல்கிறது; குழந்தையை விற்றவர் உயர்படிப்புப் படித்தவர். பட்டம் அறிவுக்குச் சான்று, நேர்மைக்குச் சான்றாகாது. நேர்மையைக் காப்பது மேற்பார்வையும் பணிப் பாதுகாப்பும். ஒவ்வொரு தத்துக்கும் நிறுவனத்துக்குத் தொகை வருகிறது. அந்நிறுவனமே ஊழியரை வேலைக்கு வைக்கிறது, நீக்குகிறது. அப்படியிருக்க, ‘இத்தாய் மனமுவந்து ஒப்படைக்கவில்லை’ என்று எழுதும் துணிவு ஒப்பந்த ஊழியருக்கு எங்கிருந்து வரும்? பரிசீலனை அமைப்பு தனித்து நிற்க வேண்டும் என்று 1984 தீர்ப்பு வலியுறுத்தியதன் பொருள் இதுவே.

மறுபுறம், பட்டப்படிப்பை எல்லாப் பணிகளுக்கும் நிபந்தனையாக்குவதும் தவறு. பல நிறுவனங்களில் ஆயாக்கள் தலித் மற்றும் பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த உழைக்கும் பெண்கள். கணவனை இழந்தோர், கைவிடப்பட்டோர். நூறு சிசுக்களைக் கையில் ஏந்தியவருக்கு இருக்கும் அறிவு எந்தப் பல்கலைக்கழகமும் தராதது. அவர்களை வெளியேற்ற ‘தகுதி’ ஓர் ஆயுதமாகக் கூடாது. அரசு செலவில் பயிற்சி, பயிற்சிக் காலத்துக்கு முழு ஊதியம், அனுபவத்துக்கு அங்கீகாரம், படிப்படியாகப் பதவி உயர்வு: உழைக்கும் வர்க்கத்தின் பார்வையில் தகுதி என்பதற்கு இதுவே பொருள்.

தகுதியை வலியுறுத்தினால் சிறு நிறுவனங்கள் மூடப்படும், குழந்தைகள் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் எழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை விதியைத் தளர்த்துவதில் இல்லை. நிறுவனம் நடத்த அமைப்புகள் முன்வராத மாவட்டங்களில் அரசே நடத்த வேண்டும். பெண்சிசுக் கொலைக்கு எதிராக 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசே தொடங்கியது. பெற்றவர்கள் வளர்க்க இயலாத குழந்தைக்குப் பொறுப்பு அரசுடையது என்ற கொள்கை அதில் அடங்கியிருந்தது. அக்கொள்கையை அறக்கட்டளைகளின் கருணைக்கு மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வதே நவதாராளமயத்தின் வழி.

2021 திருத்தத்தின் விளைவு

2021-இல் ஒன்றிய பா.ஜ.க. அரசு இளைஞர் நீதிச் சட்டத்தைத் திருத்தியது. 2022 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தத்து ஆணை வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட நடுவரான ஆட்சியருக்கு மாற்றப்பட்டது. கர்நாடகத்தில் அவர் துணை ஆணையர். விரைவே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். வெள்ளம், தேர்தல், சட்டம் ஒழுங்கு என நூறு வேலைகளின் நடுவே வரும் கோப்பில் ஆட்சியர் எதை நம்பிக் கையெழுத்திடுவார்? சமூகப் பணியாளரின் அறிக்கையைத்தான். நீதிமன்றப் பரிசீலனை நீங்கிய இடத்தில் அந்த ஒப்பந்த ஊழியரின் பொறுப்பு இருமடங்கானது. ஊதியமும் பாதுகாப்பும் இருந்தபடியே இருக்கின்றன.

அதே திருத்தம், மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களைப் பிடியாணையின்றிக் காவல்துறை கைது செய்ய இயலாத வகைக்கு மாற்றியது. குழந்தையை விற்பதையும் வாங்குவதையும் தண்டிக்கும் 81-ஆவது பிரிவும் இதில் அகப்பட்டது. பல மாநிலங்களின் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையங்கள் இதனை எதிர்த்தன. குழந்தையைக் காக்க இயற்றப்பட்ட சட்டத்துக்குள்ளேயே குழந்தை விற்பனையை எளிய குற்றமாக்கியது எவ்வகை நியாயம்?

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் தெளிவானவை. ஆயாக்களின் எண்ணிக்கையை வார விடுப்பையும் நோய் விடுப்பையும் கணக்கில் கொண்டு உயர்த்த வேண்டும். பத்துக் குழந்தைகளுக்கு எட்டுப் பேருக்குக் குறையாமல். ஒவ்வொரு முறைப்பணியிலும் செவிலியர் இருக்க வேண்டும். சமூகப் பணியாளர், மழலைக் கல்வியாளர் என்னும் இரு பொறுப்புகளையும் இருவரிடம் பிரித்துத் தர வேண்டும். தாயுடன் பேசுபவரும் குடும்ப ஆய்வறிக்கை எழுதுபவரும் தத்து நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இல்லாமல், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் நிரந்தர அரசு ஊழியராக இருக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியம் ரூ.26,000 ஆக வேண்டும். 2021 திருத்தத்தில் குழந்தை விற்பனை தொடர்பான பகுதி திரும்பப் பெறப்பட வேண்டும்.

இவை எட்டாக் கனிகள் அல்ல. அங்கன்வாடி ஊழியர்களை ‘கௌரவ ஊழியர்’ என்று சொல்லியே அரசுகள் காலம் கடத்திவந்தன. 2022 ஏப்ரலில் அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமையைக் காகிதத்திலிருந்து இறக்கிக் கொண்டுவர, 2023 ஜனவரிக் குளிரில் கர்நாடக அங்கன்வாடிப் பெண்கள் இதே பெங்களூருவின் ஃப்ரீடம் பார்க்கில் நாள்கணக்கில் அமர்ந்தனர். தத்து நிறுவனங்களின் ஆயாக்களும் அதே வர்க்கத்தின் பெண்கள். ஒரு மாவட்டத்தில் ஆறு பேர், பத்துப் பேர் என்று சிதறிக் கிடப்பதால் அவர்களின் குரல் கேட்பதில்லை. அவர்களை அங்கன்வாடி, ஆஷா ஊழியர் சங்கங்களோடு இணைப்பது தொழிற்சங்கத் தோழர்களின் உடனடி வேலை.

மாதர் அமைப்புத் தோழர்களுக்கும் வாலிபர் அமைப்புத் தோழர்களுக்கும் வேறொரு வேலை இருக்கிறது. பெங்களூருவின் கட்டுமானத் தளங்களிலும் ஆயத்த ஆடை ஆலைகளிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் ஏராளம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டதே என்று கலங்கும் தாயையும், மணமாகாமல் கருவுற்றுத் தனித்து நிற்கும் இளம்பெண்ணையும் தரகன் முதலில் கண்டுபிடித்துவிடுகிறான். அவனுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர வேண்டும். குழந்தையை வளர்க்க விரும்பும் தாய்க்குப் பிரசவ விடுப்பும் ரேஷன் அட்டையும் குழந்தைக் காப்பகமும் கிடைக்கப் போராட வேண்டும். வறுமை மட்டுமே காரணமாக ஒரு தாய் பிள்ளையைக் கொடுக்க நேர்ந்தால் அது சமூகத்தின் தோல்வி. எல்லா ஆதரவுக்கும் பிறகும் வளர்க்க இயலாது என்று அவர் முடிவெடுத்தால், அவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் குழந்தைகள் நலக்குழுவிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு கிளையின் அறிவிப்புப் பலகையிலும் எழுதப்பட வேண்டும்.

ஒவ்வொரு மாவட்டக் குழுவும் தன் மாவட்டத்தில் தத்து நிறுவனம் இருக்கிறதா, அதில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, கடைசியாக ஊதியம் வந்த மாதம் எது என்ற நான்கு கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கட்டும். வரும் பதில்களைத் திரட்டிச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நமது உறுப்பினர்கள் எழுப்பட்டும். பேசத் தெரியாத, வாக்கும் இல்லாத, சங்கமும் அமைக்க இயலாத அந்தக் குழந்தைகளுக்காகக் கேள்வி கேட்கும் கடமை உழைக்கும் மக்களின் கட்சிக்கு உண்டு.